வெள்ளையில் ஒரு கரண்டி

நவம்பரில் அந்த வீடு காணாமல் போய்விடும்.
ஏரி சாம்பல். வானம் சாம்பல்.
பத்து வருடத்துக்கு முன்னால் நாகரிகம் என்று யாரோ சொல்லக் கேட்டு
அடித்த சுவரும் சாம்பல்.
பார்சல்காரன் தெருவை இரண்டு முறை சுற்றிவிட்டு
பெட்டியைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுப் போனானாம்.
"இல்லாத வீட்டில் குடியிருக்கிறேன், டெல்மா," என்றாள் வெர்னா.
"கொஞ்சம் வெதுவெதுப்பாக ஒரு நிறம் பூசிக் கொடு.
ஆனால், அட, என்ன நிறம் என்று
எவரும் நின்று கேட்கக் கூடாது."

டுலூத்தின் இந்தச் சரிவில் இருபத்தாறு கோடையாய்
ஏணி தூக்குகிறவள் நான். எனக்குப் புரிந்தது.
உப்பு இருக்க வேண்டும்,
போட்டது தெரியக் கூடாது.

அட்டைகளை விரித்தேன்.
ஓட்ஸ் கஞ்சி, ஈர மணல், மான்குட்டி,
பிஸ்கட், காளான் தண்டு, பாதாம் தோல்.
இவற்றுக்கெல்லாம் பெயர் வைக்கிறவர்
காலைச் சாப்பாடு இல்லாமல் வேலைக்கு வருகிறவர் போலும்.

வடக்குச் சுவரில் ஆறு சதுரம் பூசிவிட்டுக் காத்திருந்தோம்.
கடை விளக்கின் கீழ் சாதுவாக இருந்த பிஸ்கட்
நிழல் பட்டதும் இளஞ்சிவப்பைக் கக்கியது,
முழங்காலில் ஒட்டின பிளாஸ்திரி மாதிரி.
ஓட்ஸ் கஞ்சி மேல் நான்கு மணிக்கு
அடுத்த வீட்டு ஸ்ப்ரூஸ் மரம் தன் பச்சையைக் கொட்டியது.
மான்குட்டி மழை வந்தால் சேறு.

ராய்ஸுக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது.
இரும்புத்தாதுக் கப்பலில் முப்பது வருடம்
அவரை மேல்தளத்துக்கு விடாமல்
இயந்திர அறையிலேயே வைத்திருந்தார்கள், அதனால்.
"என்னிடம் கேட்காதே" என்றுதான் எப்போதும் சொல்வார்,
சோபாவுக்கும் சட்டைக்கும் காருக்கும்.
அன்றைக்கு என்னவோ கண்ணைச் சுருக்கி
மூன்றாம் சதுரத்தைத் தொட்டார்.
"இது ஒன்றுதான் சும்மா இருக்கிறது."

ஈர மணல்.
வெர்னாவுக்குப் பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது.
ஆனால் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில்
அவர் காட்டிய முதல் நிறம்.
ஒரே ஒரு நிபந்தனை: ஜன்னல் சட்டங்கள்
சுத்த வெள்ளையாகவே இருக்க வேண்டும்.

கழுவினேன், சுரண்டினேன்.
சாம்பலுக்கு அடியில் பாசிப் பச்சை,
அதற்கும் அடியில் வெண்ணெய் மஞ்சள், நகமளவு.
இரண்டாம் பூச்சு ஈரமாக இருக்கையில் ஏரிக்காற்று
ஈசல் போன்ற பூச்சிகளை அள்ளிவந்து ஒட்டியது,
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.

வியாழக்கிழமை எல்லாம் முடிந்து
வெர்னா தெருவின் மறுபக்கம் போய்க் கைகட்டி நின்றாள்.
நானும் பார்த்தேன்.
சலவைச் சட்டைக்காரன் பக்கத்தில் வந்து நின்றால்
நேற்றைய சட்டை தானாக அழுக்காகுமே,
அப்படி இருந்தது சுவர்.
"தப்பு பண்ணிவிட்டோம்," என்றாள்.
"கேட்காதே என்று சொன்னேன் அல்லவா,"
ராய்ஸ் உள்ளே போய்விட்டார்.
கதவு சாத்தும் சத்தம்கூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை வெர்னா தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.
வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து
வெள்ளை வாளியில் காவி மஞ்சள் ஒரு கரண்டி,
கறுப்பு ஒரு சொட்டு விட்டுக் கலக்கினேன்.
பதினான்கு ஜன்னல், இரண்டு கதவு.
இருட்டுவதற்குள் முடித்தேன்.

"காய்ந்ததும் சுவர் சரியாகிவிட்டது பார்," என்றாள் வெர்னா மறுநாள்.
"சிலது காய நாளாகும்," என்றேன்.
பில்லில் காவியைச் சேர்க்கவில்லை.

ஏணியை வண்டியில் ஏற்ற ராய்ஸ் கைகொடுத்தார்.
வாளிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"இது அந்த வெள்ளை இல்லை."
நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.
"ஒரு படி இருட்டு. எண்ணெய் கெடுவதைக்
கண்ணால் பார்த்தே சொன்னவன் நான், தெரியுமா?"
பிறகு மூடியை வைத்து,
உள்ளங்கையால் சுற்றிலும் தட்டி
இறுக்கி மூடினார்.

மிச்சம் அரை வாளி என் கொட்டகையில் இருக்கிறது.
மூடியில் பெயர் ஏதும் எழுதவில்லை.